அவர் கேட்டார், நான் சொன்னேன்!

பால் பாக்கெட், காஸ் சிலிண்டர், கரன்ட் பில், பிள்ளைகள் படிப்பு... பெரும்பாலான வீடுகளில் கணவன் - மனைவி பேச்சு இவ்வளவுதான். 'உனக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்கும் வழக்கமே கிடையாது. எங்கள் வீட்டிலும் 26 வருஷமாக அப்படித்தான்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சமீபத்தில் என் கணவருக்கு, நண்பர் ஒருவர் மொபைலில் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பியிருந்தார். 'மனைவியைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?' என்று தலைப்பு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும், "இங்க வந்து உட்காரு. பொய் சொல்லாம பதில் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். நானும் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னேன்.

"ரஜினியா, கமலா?"

"ரெண்டு பேரும் இல்லை, மோகன்."

"அடிப்பாவி, இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!"

"நீங்க கேட்கவே இல்லையே!"

"சரி, எனக்கு முன்னாடி யாரையாவது பிடிச்சிருந்ததா?"

"மௌன ராகம் (1986) பார்த்துட்டு கார்த்திக்கை ரசிச்சேன். ஆனா, புருஷன்னா மோகன் மாதிரி பொறுமையா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேன். இதுக்கு மேல கிளறினா, உங்க காலேஜ் கதையும் வெளியே வரும்!" என்றேன். அவசரமாக அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"மறக்க முடியாத சினிமா கேரக்டர்?"

"சிந்து பைரவி."

"சுஹாசினிதானே? தேசிய விருதே வாங்கினாங்களே!"

"அவங்க இல்லை. மனைவியா வர்ற பைரவி; சுலக்ஷணா."

"அவளுக்கு சங்கீதமே தெரியாதே... அவளைப் போய் ஏன் பிடிச்சுது?"

"அதனாலதான் பிடிச்சுது. நம்ம வீட்டுக்கு யார் வந்தாலும், 'அவளுக்கு ஒண்ணும் தெரியாது, எங்கிட்ட பேசுங்க'ன்னு சொல்றீங்களே... அப்பல்லாம் எனக்கு பைரவி ஞாபகம்தான் வரும்" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே 'திக்' என்றிருந்தது. அவர் மொபைலைக் கவிழ்த்து வைத்தார். "அப்படியா சொல்றேன்?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் படுக்கப் போய்விட்டார். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாமனார் கட்டிய வீட்டை விற்பது பற்றிப் பேச கொழுந்தனார் வந்தார். காபியை வைத்துவிட்டு, வழக்கம்போல உள்ளே திரும்பினேன். "நீயும் உட்காரு. உன் அண்ணி என்ன சொல்றான்னு கேட்டுட்டு முடிவு பண்ணலாம்டா" என்றார் என் கணவர். கொழுந்தனார் முழித்த முழி இருக்கிறதே!

"மாமா உயில் எழுதி வைக்கலையே. அப்பா சொத்தில் மகளுக்கும் சம பங்குன்னு 1956லயே சட்டம் இருக்கு. நாத்தனார்கிட்ட பேசினீங்களா?" என்று கேட்டேன். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அன்று மாலையே நாத்தனாருக்குப் போன் போனது.

இப்போது கேள்வி கேட்பது என் முறை. "சாப்பாடு இறங்காத அளவு துக்கப்பட்டது எப்போ?" என்று ஒருநாள் கேட்டேன். "2013, தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு பி.பி.ஸ்ரீனிவாஸ் இறந்துட்டாரே... வயிறு சரியில்லைன்னு உங்கிட்ட பொய் சொன்னேன்" என்றார். இலை போட்டு, பாயசத்தோடு அவருக்காக நான் காத்திருந்த நாள் அது! ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

தோழிகளே... இந்த விளையாட்டுக்குக் காசு செலவில்லை. பத்து நிமிஷம் போதும். ஆனால், சில விஷயங்களில் கவனமாக இருங்கள். சொன்ன பதிலை நாலு பேர் முன்னிலையில் கேலி பண்ணக் கூடாது. பழைய கதையைக் கிளறி, நாளைய சண்டைக்கு எடுத்து வைக்கக் கூடாது. மனசில் இருக்கும் குறையை முகத்துக்கு நேராகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், பிடித்த சினிமாவையோ, பாட்டையோ சொல்லி ஆரம்பியுங்கள். அவர் கேட்கட்டும் என்று என்னைப் போல் 26 வருஷம் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரியே முதல் கேள்வியை நீங்கள் கேளுங்களேன்!

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.