ஐந்து கண்ணி வரிசைகளுக்கு அடியில்

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1914 டிசம்பரில் பி-11 ஏற்கெனவே பழைய கப்பல். 1906-இல் கடலில் இறக்கப்பட்ட அந்த பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 43 மீட்டர்தான். நீர்மட்டத்தில் செல்ல பெட்ரோல் எஞ்சின், நீருக்குள் செல்ல பேட்டரி. முன்புறம் இரண்டே டார்பிடோ குழாய்கள். பெட்ரோல் ஆவி பரவும் அந்தக் குறுகிய இரும்புக் கூண்டுக்குள் சுமார் பதினைந்து பேர் வேலை பார்த்தார்கள். தலைவர் லெப்டினன்ட் நார்மன் ஹோல்புரூக்கிற்கு வயது 26.

துருக்கியின் டார்டனெல்ஸ் ஜலசந்திதான் அவருடைய இலக்கு. வாசலில் காவல் நின்ற பிரிட்டிஷ், பிரெஞ்சு நீர்மூழ்கிகளின் தலைவர்களில் பலருக்கும் உள்ளே நுழைந்துவிடும் ஆசை இருந்தது. பி-11 தேர்வானதற்குக் காரணம் மிக எளிமையானது: அதற்கு அப்போதுதான் புது பேட்டரி போட்டிருந்தார்கள். ஜலசந்தியின் மறுமுனையிலுள்ள மார்மரா கடலிலிருந்து வேகமாக இறங்கி வரும் நீரோட்டத்தை எதிர்த்து, மணிக்கு ஆறு கடல் மைல்கூடத் தாண்டாத கப்பலை ஓட்ட வேண்டும். பேட்டரி தீர்ந்தால் எதிரியின் கண்முன்னே மேலே வந்துதான் ஆக வேண்டும்.

டிசம்பர் 13, விடியற்காலை. ஜலசந்திக்குள் ஐந்து வரிசைகளாகக் கடற்கண்ணிகள் மிதக்கவிடப்பட்டிருந்தன. அவற்றைக் கட்டியிருந்த கம்பிகளில் சிக்காமலிருக்க பி-11-இன் வெளிப்புறத்தில் தடுப்புக் குழாய்கள் பொருத்தியிருந்தார்கள். ஹோல்புரூக் 80 அடி ஆழத்துக்கு இறங்கி, கண்ணிகளுக்கு அடியில் கப்பலைச் செலுத்தினார். மேலே உப்புக் குறைந்த நீர், கீழே உப்பு மிகுந்த கனமான நீர். இரண்டுக்கும் நடுவே கப்பலை ஒரே ஆழத்தில் நிறுத்துவதே பெரும்பாடு. வரிசைகளைக் கடந்து பெரிஸ்கோப்பை உயர்த்தியபோது, கண்ணிகளுக்குக் காவலாக நங்கூரமிட்டிருந்த ‘மெசூதியே’ என்ற துருக்கியப் போர்க்கப்பல் தெரிந்தது. நெருங்கி டார்பிடோ விட்டார். சில நிமிடங்களில் அது கவிழ்ந்தது.

தாக்குதலைவிட, திரும்பி வந்ததுதான் ஹோல்புரூக்கின் உண்மையான சாதனை என்பது என் கருத்து. டார்பிடோ விட்டதும் பி-11 ஆழம் குறைந்த பகுதியில் தரை தட்டியது. அதன் கோபுரம் நீருக்கு மேலே தெரிய, கரையிலிருந்து பீரங்கிகள் சுட்டன. திசைகாட்டியின் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. திசையும் சரிவரத் தெரியாமல், கடலடி மணலில் இடித்து இடித்து, ஆழமான நீரைத் தேடி முழு வேகத்தில் கப்பலை ஓட்டினார். மறுபடியும் அதே ஐந்து வரிசைகள். அன்று அவர்கள் தொடர்ந்து ஒன்பது மணி நேரம் நீருக்கடியில் இருந்தார்கள்.

மெசூதியே 1874-இல் லண்டனில் நீரில் இறக்கப்பட்டது. நாற்பது வயதான கப்பல். அது மூழ்கியதால் போர்க்களத்தில் பெரிய மாற்றமில்லை. அதில் 37 பேர் இறந்தார்கள். எந்த வெற்றிக் கதையிலும் அவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஆழம் குறைவாக இருந்ததால் பெரும்பாலோர் பிழைத்தார்கள். அதன் பீரங்கிகளைத் துருக்கியர் மீட்டெடுத்துக் கரையில் நிறுவினார்கள். அந்த பீரங்கித் தளத்துக்கும் மெசூதியே என்றே பெயரிட்டார்கள். ஆனால் ஜலசந்திக்கு அடியில் வழி உண்டு என்பது அன்று உறுதியானது. 1915 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் ஏஇ-2 மார்மரா கடலையே எட்டிவிட்டது. பிரிட்டனின் இ-14, இ-11 இரண்டும் பின்தொடர்ந்தன.

நீர்மூழ்கிகளை ஏளனமாகப் பார்த்த மூத்த அதிகாரிகள் நிறைந்திருந்த காலம் அது. ஆனால் தாக்குதல் நடந்து ஒன்பதே நாட்களில், டிசம்பர் 22 அன்று, ஹோல்புரூக்கிற்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. நீர்மூழ்கி வீரர் ஒருவர் அந்த விருதைப் பெறுவது அதுவே முதல் முறை. கப்பலில் இருந்த ஒவ்வொருவருக்கும் பதக்கம் கிடைத்தது. எஞ்சினையும் பேட்டரியையும் கட்டிக் காத்தவர்கள் இல்லாமல் எந்தத் தலைவரும் அங்கிருந்து திரும்பியிருக்க முடியாது. அவர்களுக்கும் பதக்கம் கிடைத்ததுதான் எனக்கு மிகவும் நிறைவு தருகிறது.

ஹோல்புரூக்கின் பெயரை ஓர் ஊரும் வாங்கிக்கொண்டது. ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் இடையே, கடல் கண்ணுக்கே எட்டாத ஜெர்மன்டன் என்ற சிற்றூர். ஜெர்மனியோடு போர் மூண்ட பிறகு அந்தப் பெயரைச் சுமக்க மக்களுக்கு மனமில்லை. 1915-இல் ஊர் ஹோல்புரூக் ஆனது. பிற்காலத்தில் அவரே அங்கு பலமுறை சென்று வந்தார். 1976-இல் அவர் காலமான பின், அவருடைய மனைவி அந்த விக்டோரியா கிராஸை ஊருக்கே கொடுத்தார். ஆஸ்திரேலியக் கடற்படையின் ‘ஓட்வே’ நீர்மூழ்கியின் மேற்பகுதியை ஊர்ப் பூங்காவில் நிறுவவும் பெருந்தொகை தந்தார். 1997-இல் அது மக்கள் பார்வைக்கு வந்தது.