நூறு டாலர் துப்பாக்கிக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் சட்டைப் பைக்குள் அடங்கும் மலிவுக் கைத்துப்பாக்கி என்றாலே ஒரு நக்கல் சிரிப்புதான். இரண்டு தோட்டா சுடும், மூன்றாவதில் மாட்டிக்கொள்ளும், அப்புறம் திருடன் மேல் தூக்கி எறியலாம் என்கிற ரீதியில் துப்பாக்கிப் பிரியர்களே கிண்டல் செய்வார்கள். 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' என்ற பட்டப்பெயர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கெட்ட பெயர் பெரும்பாலும் நியாயமானதுதான், ஆனால் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. சரியாகச் சுடாத துப்பாக்கியால் நஷ்டம் வாங்கியவருக்கு மட்டும்தானே என்று கேட்பவர்கள், மாட்டிக்கொண்ட தோட்டாவை யாராவது வெளியே எடுத்தாக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சுட வேண்டிய நேரத்தில் சுடாமல் போவதும், சுடக்கூடாத நேரத்தில் சுட்டுவிடுவதும் ஒரே தொழிற்சாலைக் குறைகளிலிருந்து பிறப்பவை. உள்நாட்டில் தயாராகும் துப்பாக்கியில் அந்தக் குறை இருக்கிறதா என்று விற்பனைக்கு முன் சோதிக்க அமெரிக்க மத்திய அரசில் யாருக்கும் அதிகாரம் இல்லை. காயப்பட்டவருக்கு உரிமை இருக்கிறது, ஆனால் அது காகிதத்தில் இருக்கும் அளவுக்குக் கையில் கிடைப்பதில்லை.

சிறிய துப்பாக்கியை நம்பகமாகச் செய்வது பெரிய துப்பாக்கியைச் செய்வதைவிடக் கடினம். பிஸ்டல் ஒவ்வொரு முறை சுடும்போதும் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் ஓடிக் காலி உறையை வெளியே தள்ள வேண்டும், திரும்பி வரும் வழியில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்ற வேண்டும். ஸ்லைடு குட்டையானால் அது ஓடும் தூரம் குறைகிறது, மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கித் தருவதற்கான அவகாசமும் குறைகிறது. எடை இல்லாத குறையை ஈடுகட்ட ஸ்பிரிங்கைக் கெட்டியாக வைப்பார்கள். அப்போது பிடித்திருப்பவரின் மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் பாதியில் நின்றுவிடும். மேகசினின் வாய்ப்பகுதித் தகடு லேசாக நெளிந்தால் தோட்டா கோணலாக ஏறும். சட்டைப் பையில் சேரும் பஞ்சும் தூசியும் வேறு. தோட்டாவிலும் வம்பு உண்டு. பாயின்ட் 22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும், ஊசி அடிக்கும் இடத்தில் அது சரியாகப் படியாமல் போயிருந்தால் வெடிக்காது. இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் ஜான் பிரௌனிங் 1905 வாக்கில் குட்டித் துப்பாக்கிக்கென்றே பாயின்ட் 25 தோட்டாவை வடிவமைத்தபோது மருந்தை நடுவில் வைத்தார். ஆக, குட்டித் துப்பாக்கிக்குத் தேவை துல்லியமான கடைசல், நல்ல எஃகு, அனுப்புமுன் சுட்டுப் பார்க்கும் பொறுமை. விலையைக் குறைக்கப் புறப்படுபவர் முதலில் கை வைப்பதும் இந்த மூன்றில்தான்.

அப்படிக் கை வைத்தவர்களின் கதை தெற்குக் கலிபோர்னியாவில் நடந்தது. ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் 1970-இல் ரேவன் ஆர்ம்ஸைத் தொடங்கினார். பிறகு அவருடைய உறவினர்களும் பழக்கமானவர்களும் ஜென்னிங்ஸ், டேவிஸ், ப்ரைகோ, லார்சின் என்று வரிசையாகக் கம்பெனிகளைத் திறந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றியிருந்த இந்தக் கூட்டத்துக்கு, 1994-இல் விரிவான ஆய்வு வெளியிட்ட மருத்துவர் காரன் வின்டமியூட் 'நெருப்பு வளையம்' என்று பெயர் வைத்தார். துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து எடுப்பதுதான் அவர்களின் உத்தி. அந்தக் கலவை 400 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், எஃகு உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். வார்ப்பு வேலை சுலபம் என்பதால் கடையில் பல மாடல்கள் 100 டாலருக்கும் கீழே கிடைத்தன. அதற்காகத் துத்தநாகத்தின் மேல் மட்டும் பழி போடுவது சரியல்ல. ஹை-பாயின்ட் கம்பெனியின் துப்பாக்கிகளிலும் ஸ்லைடு இதே ரக உலோகம்தான். பார்க்க அவலட்சணம், தூக்கக் கனம், ஆனாலும் வாழ்நாள் உத்தரவாதத்தோடு விற்கிறார்கள், ஓரளவு நல்ல பெயரும் இருக்கிறது. மெலிந்த உலோகத்தைக் கனம் சேர்த்துச் சமாளிக்கலாம். சட்டைப் பைத் துப்பாக்கியில் கனத்துக்கு இடமில்லை. இதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே இருக்கிறது. குழலில் தோட்டா ஏறியதும், அடிக்கும் ஊசி ஸ்பிரிங்கின் அழுத்தத்தோடு பாயத் தயாராக நிற்கும், ஒரு சிறு கொக்கி மட்டும் அதைப் பிடித்து வைத்திருக்கும். பல மலிவு மாடல்களில் ஊசியையே மறித்து நிற்கும் தனித் தடை கிடையாது. கீழே விழுந்த அதிர்ச்சியில் கொக்கி நழுவினால், யார் விரலும் விசையைத் தொடாமலே குண்டு பாயும்.

மாட்டிக்கொள்ளும் குறை எப்படி உயிர்க் குறையாகிறது என்பதை ப்ரைகோ வழக்கு காட்டியது. 1994-இல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டில், இருபது வயது இளைஞர் ஒருவர் ப்ரைகோ பிஸ்டலிலிருந்து தோட்டாவை அகற்ற முயன்றார். ஸ்லைடைப் பின்னால் இழுத்தால்தான் குழலில் இருக்கும் தோட்டா வெளியே வரும். அந்த மாடலிலோ சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடு நகராது. ஆபத்தைத் தவிர்க்கச் செய்யும் வேலையைச் செய்வதற்கே ஆபத்துத் தடுப்பை விலக்க வேண்டும். விலக்கினார், குண்டு பாய்ந்தது, அங்கிருந்த ஏழு வயதுச் சிறுவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். முந்தைய வடிவமைப்பில் சேஃப்டியோடு ஸ்லைடை இழுத்தால் துப்பாக்கி சிக்கிக்கொண்டது, அதைச் சீர்செய்யாமல் ஸ்லைடையே பூட்டிவிட்டார்கள் என்பது சிறுவன் தரப்பு வாதம். 2003-இல் ஓக்லண்ட் ஜூரி, அந்த இளைஞருக்கும் பெற்றோருக்கும்கூடப் பொறுப்பில் பங்கு இருக்கிறது என்று சொன்னது, தயாரிப்பு, விற்பனைத் தரப்பு மட்டும் சுமார் 2.4 கோடி டாலர் தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. உடனே கம்பெனி திவால் மனு போட்டது. 2004-இல் சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது, கம்பெனியை வாங்கி மூடிவிட வேண்டும் என்று சிறுவன் தரப்பு நன்கொடை திரட்டிப் போட்டியிட்டது. 5,10,000 டாலர் கொடுத்து அதை எடுத்தவர் அதே தொழிற்சாலையின் முன்னாள் மேலாளர். பெயர் ஜிமெனெஸ் ஆர்ம்ஸ் ஆனது, அதே பாணித் துப்பாக்கிகள் மீண்டும் சந்தைக்கு வந்தன. அந்தக் கம்பெனியும் 2020-இல் திவாலானது.

இதையெல்லாம் முன்கூட்டியே தடுக்க அரசு என்ன செய்தது? 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டிலிருந்து வரும் சிறிய துப்பாக்கிகளுக்கு அளவு, எடை, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு வடிகட்டியது. ஜெர்மனியின் புகழ்பெற்ற வால்தர் பிபிகே-யே அந்தத் தேர்வில் தோற்றது. அதன் மேல்பாகத்தைச் சற்று உயரமான இன்னொரு மாடலின் உடற்பகுதியில் பொருத்தி பிபிகே-எஸ் என்று அனுப்பினார்கள். உள்நாட்டுத் தயாரிப்புக்கு இந்தத் தேர்வு கிடையாது. இறக்குமதி நின்ற இடத்தில் கலிபோர்னியாக் கம்பெனிகள் முளைத்ததில் வியப்பில்லை. 1972-இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய சட்டமோ துப்பாக்கியையும் தோட்டாவையும் அதன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. 2001-இல் டெய்சி கம்பெனியின் காற்றுத் துப்பாக்கிகளில் குறை இருப்பதாக இதே ஆணையம் நடவடிக்கை எடுக்க முடிந்தது. வெடிமருந்தால் இயங்கும் நிஜத் துப்பாக்கி என்றால் அதனால் ஒரு கடிதம்கூடக் கட்டாயப்படுத்தி எழுத முடியாது. தயாரிப்பாளருக்கு உரிமம் தரும் ஏடிஎஃப் துறை கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும், கீழே போட்டால் சுடுகிறதா என்று பார்க்காது.

இந்த இடத்தில் வலுவான ஒரு எதிர்வாதம் உண்டு. மலிவுத் துப்பாக்கியை எதிர்ப்பது ஏழையின் தற்காப்பை எதிர்ப்பதாகும் என்பார்கள். வரலாறு அவர்கள் பக்கம் சாட்சி சொல்கிறது. 1879-இல் டென்னசி மாநிலம் ராணுவ ரக ரிவால்வரைத் தவிர மற்றவற்றின் விற்பனையைத் தடுத்தது. விலை உயர்ந்த அந்தத் துப்பாக்கி, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு எட்டாது. உலோகம் எத்தனை டிகிரியில் உருகுகிறது என்பதை வைத்துத் தடை போட்ட பிற்கால மாநிலச் சட்டங்கள் சிலவற்றையும் இதே சந்தேகத்தோடு பார்க்கலாம். துப்பாக்கியை யாரும் அடுப்பில் வைத்துப் பயன்படுத்துவதில்லை. ஆனால் இந்த வாதம் தடைக்கு எதிராகத்தான் செல்லுபடியாகும், சோதனைக்கு எதிராக அல்ல. கையில் இருக்கும் ஒரே துப்பாக்கி மலிவானது என்றால், அது சோதித்துப் பார்க்கப்பட்டதாக இருக்க வேண்டிய அவசியம் அந்த ஏழைக்குத்தான் அதிகம்.

விலை கூடினால் மட்டும் பாதுகாப்பா என்ற கேள்வியும் நியாயமானதே. 2017-இல் சிக் சாவர் கம்பெனியின் பி320, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் சுடுகிறது என்று தெரிந்ததும் கம்பெனி இலவச மாற்றம் அறிவித்தது. டாரஸ் கம்பெனி ஒன்பது பிஸ்டல் மாடல்கள் தொடர்பான வழக்கில் குறையை ஒப்புக்கொள்ளாமலே சமரசத்துக்கு வந்தது. ரூகர் 2008-இல் அறிமுகப்படுத்திய எல்சிபி, சட்டைப் பைத் துப்பாக்கிகளில் பெரிய வெற்றி. அதே ஆண்டு, கீழே விழுந்தால் சுடலாம் என்று தெரியவந்ததும் அவர்களே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள். இவையெல்லாம் மலிவுக் கம்பெனிகளுக்கு ஆதரவான சாட்சிகள் போலத் தெரியும், உண்மையில் நேர்மாறு. குறை எல்லாரிடமும் வரும். திரும்ப அழைக்கவும், ஈட்டுத்தொகை கொடுக்கவும், பத்து வருடம் கழித்தும் கடை திறந்திருக்கவும் வசதியுள்ளவரா என்பதில்தான் வேறுபாடு. தப்பு துப்பாக்கியில் இல்லை, கையாண்டவரிடம் என்பதும் அடிக்கடி வரும் பதில். கையாண்டவர் தப்புச் செய்வார் என்று தெரிந்தேதான் ஆட்டோமேட்டிக் காரில் பிரேக் மிதித்தால்தான் கியர் 'பார்க்' நிலையிலிருந்து நகரும்படி வைத்திருக்கிறார்கள்.

மத்திய அரசு விட்ட இடத்தைச் சில மாநிலங்கள் பிடித்திருக்கின்றன. மேரிலாந்தில் 1988 முதல் அனுமதிப் பட்டியலை வகுக்க ஒரு வாரியம் இருக்கிறது. மாசசூசெட்ஸ் அரசு வழக்கறிஞர் சாதாரண நுகர்வோர் சட்டத்தை வைத்தே விதிகள் போட்டார், மாநில உச்ச நீதிமன்றம் 1999-இல் அதை ஏற்றது. கலிபோர்னியாவில் 2001 முதல் ஒவ்வொரு மாடலிலும் மூன்று துப்பாக்கிகள் சோதனைக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றும் 600 தோட்டா சுட வேண்டும், ஆறு முறைக்கு மேல் கோளாறு வரக்கூடாது, முதல் 20 தோட்டாவில் ஒன்றுகூட வரக்கூடாது. ஒரு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து கான்கிரீட் மேல் ஆறு விதமாகப் போட்டும் பார்ப்பார்கள். அந்தப் பட்டியல் இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, டெக்சாஸில் வாங்குபவரும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். பட்டியலில் பெயர் இருந்தால் இந்தச் சோதனையில் தேறியது என்று பொருள். இல்லாவிட்டால் குறையுள்ளது என்று முடிவுகட்ட முடியாது, கட்டணம் கட்டாதது போன்ற வேறு காரணங்களாலும் விடுபடும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: விசையை அழுத்தாதபோது ஊசியை மறிக்கும் தடை இருக்கிறதா? சேஃப்டி போட்டபடியே தோட்டாவை வெளியே எடுக்க முடியுமா? கையேட்டைத் திறந்து பதில் காட்டாத கடையில் வாங்குவது வீண் வேலை.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி பொதுவாகக் குற்றம், 15 ஆண்டு வரை சிறை. முறையான வேட்டை உரிமம் உள்ளவர் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன, அவற்றை நம்பும் முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்பதே உத்தமம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் வாங்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் அந்தக் கார்டும் தப்பாது, நாடு கடத்தும் நடவடிக்கை வரும்.

வாங்கிய துப்பாக்கி, விசையைத் தொடாமலே சுட்டுவிட்டால், அல்லது மாட்டிக்கொண்டதை எடுக்கையில் சுட்டுவிட்டால், இன்னொரு முறை சோதித்துப் பார்க்கவே கூடாது. தகுதியுள்ள ஒருவரை வைத்துத் தோட்டாவை அகற்றி, பிரிக்காமல், எண்ணெய் போடாமல், பழுது பார்க்காமல் பூட்டி வைக்க வேண்டும். காலி உறை, தோட்டாப் பெட்டி, ரசீது, கையேடு எல்லாம் அதோடு இருக்கட்டும். வரிசை எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குத் திரும்ப அழைப்பு அறிவிப்பு இருக்கிறதா என்று கம்பெனியின் தளத்தில் பாருங்கள். யாரும் காயப்படாதபோது கம்பெனிக்கு எழுதிச் சரிசெய்யச் சொல்லலாம். காயப்பட்டிருந்தால், வழக்கறிஞர் பார்க்காமல் துப்பாக்கியைக் கம்பெனிக்கு அனுப்பினால் உங்கள் முக்கியச் சான்றை எதிர்த்தரப்பிடம் நீங்களே ஒப்படைத்ததாகும். 2005-இல் வந்த சட்டத்தால் துப்பாக்கிக் கம்பெனிகள் மேல் வழக்கே போட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள், அது அப்படியல்ல. மற்றவர் செய்த குற்றத்துக்காகக் கம்பெனியை இழுக்கும் வழக்குகளைத்தான் அது பெரும்பாலும் தடுக்கிறது. வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ உள்ள குறையால் நேர்ந்த காயத்துக்கும், உத்தரவாத மீறலுக்கும் அதில் விலக்கு இருக்கிறது. ஆனால் குறையுள்ள துப்பாக்கியை ஒருவர் வேண்டுமென்றே குற்றமாகும் செயலில் பயன்படுத்தியிருந்தால் அந்த வடிவமைப்பு விலக்கு கைகொடுக்காது. வழக்குப் போடும் கால வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் பொருள் முதன்முதலில் விற்ற நாளிலிருந்தே இன்னொரு கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். அடகுக் கடையில் இன்று 80 டாலருக்கு வாங்கும் 1980-களின் ரேவனுக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்திருக்கலாம், செய்த கம்பெனியும் இப்போது இல்லை.