கெடு வைத்தபோது மாறிய நகரம்

தொண்ணூறுகளில் தில்லியில் வாழ்ந்தவர்களிடம் ஐ.டி.ஓ. சந்திப்பைப் பற்றிக் கேட்டால் முதலில் கண்ணெரிச்சலைத்தான் சொல்வார்கள். சிக்னலில் நிற்கும் டி.டி.சி. பேருந்துகளும் தனியார் ப்ளூலைன் பேருந்துகளும் பச்சை விழுந்ததும் ஒருசேர உறுமும். பின்னால் நிற்கிற ஸ்கூட்டர்காரர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வார். வெள்ளைச் சட்டையின் காலர் மாலைக்குள் கறுத்துவிடும். கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய ஆட்டோக்களில் பெரும்பாலானவை இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலோடு கலந்த எண்ணெய் அரைகுறையாக எரிந்து நீலப்புகையாக வெளியேறும். குளிர்காலத்தில் இந்தப் புகையெல்லாம் மேலே போக வழியின்றி மனிதர் மூச்சுவிடும் உயரத்திலேயே தங்கிவிடும்.

அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தை நிறுவிய அனில் அகர்வாலும் அவருடைய சகாக்களும் 1996இல் வாகனப் புகை பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். மெல்ல நடக்கிற கொலை என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்கள். மிகையான பெயர் என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கு அதற்கு முன்பே உச்ச நீதிமன்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த வழக்கில் 1998 ஜூலை 28 அன்று பிறந்த ஆணைதான் தில்லியின் நிறத்தையே மாற்றியது. நகரப் பேருந்துகள் அத்தனையும் 2001 மார்ச் 31க்குள் சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறியாக வேண்டும் என்றது அது.

கெடு தேதி வந்தது. பேருந்துகள் மாறியிருக்கவில்லை. எரிவாயு நிலையங்கள் போதவில்லை. எரிவாயுவுக்கு மாறிய ஆட்டோக்களின் ஓட்டுநர்கள் இரவெல்லாம் வரிசையில் கிடந்து, பகலில் ஓட்டவேண்டிய நேரத்தைத் தூங்கிக் கழித்தார்கள். அந்த நாட்களின் சுமையை அதிகம் தாங்கியவர்கள் அவர்கள்தான். வெற்றிக் கதையைச் சொல்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. இன்ன எரிபொருள் என்று ஆணையிட வேண்டாம், புகையின் வரம்பை மட்டும் நிர்ணயித்தால் போதும் என்று மத்திய அரசு அமைத்த மஷேல்கர் குழு வாதிட்டது. தாளில் நியாயமான வாதம். ஆனால் டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது ஊரறிந்த வழக்கமாக இருந்த நாட்டில், கலப்படம் செய்ய முடியாத எரிபொருள் என்பதே ஒரு பெரிய பாதுகாப்பு. 2002 ஏப்ரலில் நீதிமன்றம் பொறுமை இழந்தது. டீசல் பேருந்து ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 500 ரூபாய், முப்பது நாள் கழிந்தால் 1,000 ரூபாய் அபராதம் என்றது. அந்த டிசம்பருக்குள் நகரப் பேருந்துகளில் டீசல் ஓய்ந்தது. ஆட்டோக்கள் பச்சையும் மஞ்சளும் பூசிக்கொண்டன. மேத்தாவோடு சேர்ந்து இதற்காக இடைவிடாமல் எழுதியும் வாதாடியும் வந்த அனில் அகர்வால் அதைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

சி.என்.ஜி.யில் கரித்துகள் மிகக் குறைவு. ஆனாலும் அது குறையில்லாத எரிபொருள் அல்ல. அதில் பெரும்பங்கு மீத்தேன். மீத்தேன் சுடர் மெதுவாகப் பரவும் இயல்புடையது. எஞ்சினுக்குள் காற்றை அதிகமாகவும் எரிவாயுவைக் குறைவாகவும் விட்டால் வெப்பம் தணியும். நுரையீரலைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறையும். ஆனால் அப்படி மெலிந்த கலவையில் மீத்தேன் சரியாகப் பற்றிக்கொள்ளாது. எஞ்சின் திக்கும், எரியாத எரிவாயு அப்படியே வெளியேறும். இங்கேதான் ஹைட்ரஜன் உதவிக்கு வருகிறது. மீத்தேனைவிடப் பல மடங்கு வேகமாக அதன் சுடர் ஓடும். பற்றவைக்க மீத்தேனுக்கு வேண்டிய ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கு ஹைட்ரஜனைக் கலந்தாலே, மீத்தேன் எரியத் தயங்கும் மெலிந்த கலவையும் முழுதாக எரிந்துவிடும்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே இதை ஹைத்தேன் என்று பெயரிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு கலிஃபோர்னியாவின் சன்லைன் போக்குவரத்து நிறுவனம் 20 விழுக்காடு ஹைட்ரஜன் கலவையில் பேருந்துகளை இயக்கியபோது, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. எஞ்சினைத் திருத்தி அமைத்ததால் கிடைத்த பலன் அது. கலவையை மட்டும் மாற்றிவிட்டு, பற்றவைக்கும் நேரத்தையும் காற்றின் அளவையும் பழையபடி விட்டால் எஞ்சின் கூடுதலாகச் சூடாகி, அதே நைட்ரஜன் ஆக்சைடுகள் ஏறவும் செய்யும். மருந்தைப் போலத்தான் இந்தக் கலவையும்: அளவும் பக்குவமும் தப்பினால் கெடுதல்.

தில்லிக்கு இது வந்த வழி தனி. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஃபரீதாபாத் ஆய்வு மையம், ஹைட்ரஜனைத் தனியே தயாரித்து, அழுத்தி, பின்பு கலக்கும் செலவைத் தவிர்க்க ஒரு முறையை உருவாக்கியது. குழாயில் வரும் எரிவாயுவோடு நீராவியைச் சேர்த்து, மீத்தேனின் ஒரு பகுதியை மட்டும் ஹைட்ரஜனாக மாற்றுகிறார்கள். உலையிலிருந்து வெளிவருவதே கலவைதான். 2020 செப்டம்பரில் மத்திய அரசு, 18 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த சி.என்.ஜி.யை, அதாவது எச்.சி.என்.ஜி.யை, வாகன எரிபொருளாக அனுமதித்தது. அக்டோபர் 20 அன்று ராஜ்காட் முதலாம் பணிமனையில், நாளுக்கு 4 டன் தயாரிக்கும் நிலையத்தை அமைச்சர் தர்மேந்திர பிரதான் திறந்துவைத்தார். 50 பேருந்துகளில் ஆறு மாதச் சோதனை என்று திட்டம். கார்பன் மோனாக்சைடு சி.என்.ஜி.யோடு ஒப்பிட 70 விழுக்காடு குறையும், எரிபொருளும் நாலைந்து விழுக்காடு மிச்சமாகும் என்பது இந்தியன் ஆயில் சொன்ன கணக்கு.

இந்தக் கணக்கை மதிக்கிறேன். அதோடு வேறொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே கொள்ளளவில் ஹைட்ரஜன் தரும் ஆற்றல், மீத்தேன் தருவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே கொள்ளளவில் 18 விழுக்காடு என்பது ஆற்றலில் ஆறு விழுக்காடு அளவுதான். மீதி 94 பங்கும் பழைய மீத்தேனே. அந்த ஆறு பங்கு ஹைட்ரஜனும் மீத்தேனிலிருந்தே பிரிக்கப்பட்டது. அதிலிருந்த கார்பன் மாயமாகிவிடவில்லை, கரியமில வாயுவாக மாறியிருக்கிறது. ஆக, தெருவில் நிற்பவரின் நுரையீரலுக்கு எச்.சி.என்.ஜி. நல்லது, பூமியின் வெப்பத்தை அது அதிகம் தணிக்காது. சூரிய மின்சாரத்தால் நீரைப் பிளந்து எடுத்த ஹைட்ரஜனைக் கலந்தால்கூட, ஆறு விழுக்காட்டைச் சுற்றித்தான் நேரடி லாபம். கலவையை இன்னும் கூட்டலாமே என்றால், எஃகுச் சிலிண்டர்களையும் குழாய்களையும் ஹைட்ரஜன் நாளடைவில் நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். இருபது விழுக்காட்டுக்குள்ளேயே பெரும்பாலோர் நின்றுகொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு வருத்தம் தருவது இந்த எல்லையல்ல, காலம்தான். தில்லியின் சி.என்.ஜி. பேருந்துகள் புதிதாக இருந்த காலத்தில் இந்தக் கலவை வந்திருந்தால், அவற்றின் முழு ஆயுளுக்கும் பயன்பட்டிருக்கும். ஃபரீதாபாத்தில் ஆராய்ச்சியும் தில்லியின் துவாரகாவில் முன்னோடி நிலையமும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டிலேயே இருந்தன. அனுமதியும் பணிமனையும் வந்து சேர்ந்தபோது 2020 ஆகிவிட்டது. நிலையம் திறந்து எட்டு நாளில், அதே அக்டோபர் 28 அன்று, மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து சுற்றுச்சூழல் மாசுத் தடுப்பு ஆணையத்தைக் கலைத்து வேறொரு அமைப்பை நிறுவியது. பூரே லால் தலைமையில் சி.என்.ஜி.க்கும், பின்னாளில் எச்.சி.என்.ஜி.க்கும் நீதிமன்றத்தில் குரல் கொடுத்தது கலைக்கப்பட்ட அந்த ஆணையமே. பிடித்துத் தள்ளும் கை விலகிவிட்டது.

2022இல் அதே ராஜ்காட்டின் இரண்டாம் பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. 2023 செப்டம்பரில் எரிகலத்தில் ஓடும் ஹைட்ரஜன் பேருந்தை இந்தியன் ஆயிலே தில்லிக்குக் கொண்டுவந்தது. அதில் ஹைட்ரஜன் எரிவதே இல்லை, மின்சாரத்தை உண்டாக்கி நீராக வெளியேறுகிறது. நகரப் பேருந்து மின்சாரத்துக்குப் போவதே சரி என்று நினைக்கிறேன். மீத்தேனைக் கலவையாக்கி எரிக்கும் நிலையங்களில் இனிப் பெரும் பணத்தைப் போடக் கூடாது. ஆனால் நாடெங்கும் இன்று ஓடுகிற சி.என்.ஜி. லாரிகளும் நீண்டதூரப் பேருந்துகளும் நாளையே மறையப்போவதில்லை. ஏற்கெனவே எரிவாயுக் குழாய் வந்துவிட்ட ஊர்களில், அந்த எஞ்சின்கள் தேயும்வரை இந்தக் கலவை பல மூச்சுகளைக் காக்கும்.

அப்படிக் காக்க வேண்டுமானால் 1998இன் ஆணையைப் போல இதற்கும் ஒரு நாள் குறிக்க வேண்டும். 2020இன் அறிவிக்கை அனுமதி தந்ததே தவிர, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தேதி குறிப்பது முடியாத காரியமல்ல: வாடகைக் கார்களையும் பொருள் விநியோக வண்டிகளையும் இயக்கும் நிறுவனங்களுக்கு, 2030 ஏப்ரல் 1க்குள் முழுவதும் மின்சாரத்துக்கு மாறிவிடுங்கள் என்று தில்லி அரசு 2023இல் தேதி போட்டே விதி வகுத்தது.