பாட்டரி ரம்பமும் அதன் எச்சரிக்கை விளக்குகளும்

தென்னந்தோப்பு, மாந்தோப்பு, சவுக்குக் கொல்லை முதலியவற்றையுடைய குடியானவர்களிடையே, பெட்ரோலால் ஓடும் சங்கிலி ரம்பத்துக்குப் பதிலாகப் பாட்டரியால் ஓடும் ரம்பமும் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. புகையின்மை, ஓசைக் குறைவு, கயிற்றை இழுத்து முடுக்கும் தொல்லையின்மை ஆகியன இதன் நன்மைகள். ஆயினும் இதை வாங்கியவர்கள் பெரும்பாலும் கூறும் குறை ஒன்றுண்டு. நன்றாய் ஓடிக்கொண்டிருந்த ரம்பம் திடீரென்று நின்றுவிடுகிறது; சிவப்பு விளக்கொன்று எரிகிறது; காரணம் யாதென விளங்குவதில்லை. உடனே யந்திரம் பழுதாகிவிட்டதென்று எண்ணி அதனைப் பட்டணத்துக்கு எடுத்துச் சென்று, பணத்தையும் இரண்டொரு நாளையும் வீணாக்குவோர் பலர். விளக்கைப் பொருட்படுத்தாமல் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்போரும் உளர். இவ்விரண்டும் தவறு. விளக்கு சொல்வதை அறிந்துகொண்டால், பெரும்பாலான தடைகளைத் தோப்பிலேயே சில நிமிஷங்களில் நீக்கிவிடலாம். நீக்கக்கூடாதவற்றைத் தொடாமலும் இருக்கலாம்.

யந்திரம் தானே நின்றுவிடுவதேன்?

மின்சாரத்தால் மரமறுப்பது புதிதன்று. ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டில் என்பவர் 1926-ம் வருஷத்திலேயே மின்சாரத்தால் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். அதற்கு நீண்ட கம்பி வேண்டியிருந்தது. கம்பியை நீக்கியது லித்தியம் அயனிப் பாட்டரி. இது 1991-ல் முதன்முதலாகக் கடைக்கு வந்தது. இதனை உருவாக்கிய மூவருக்கு 2019-ல் இரசாயனத்துக்குரிய நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இவ்வகைப் பாட்டரி ஒரே பொருளன்று. பல சிறு கலங்களின் கோவை. ஒவ்வொரு கலமும் ஏறக்குறைய 3.6 வோல்ட்டு அழுத்தமுடையது. 18 வோல்ட்டுப் பாட்டரியில் ஐந்து கலங்களும், 36 வோல்ட்டுப் பாட்டரியில் பத்துக் கலங்களும் வரிசையாய் இணைந்திருக்கும். கலம் முழுதும் நிரம்பியபோது 4.2 வோல்ட்டு இருக்கும், ஏறக்குறைய 2.5 முதல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். அளவுக்கு மிஞ்சிச் சூடேறினாலும், குளிர்ந்த நிலையில் மின்னேற்றினாலும் கெடும். ஆகையால், கலங்களின் அழுத்தத்தையும் சூட்டையும் இடைவிடாது கவனிக்கும் சிறு மின்பலகை ஒன்று உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. வரம்பு கடந்தவுடன் அது மின்சாரத்தை நிறுத்தி விளக்கை எரியச் செய்கிறது.

பெட்ரோல் ரம்பம் எண்ணெய் தீரும்போதும் திணறும்போதும் ஓசை மாறி முன்னரே தெரிவிக்கும். பாட்டரி ரம்பமோ கடைசிவரையில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடி, சட்டென்று நின்றுவிடும். அதற்கு வாய் அவ்விளக்கு ஒன்றே.

முதலில் செய்யவேண்டியது

ரம்பம் எக்காரணத்தால் நின்றாலும், முதற்காரியம் விசையினின்று கையை எடுத்துவிட்டுப் பாட்டரியைக் கழற்றுவதாம். பெட்ரோல் யந்திரம் ஓசையற்றிருந்தால் அது ஓய்ந்துவிட்டதென்று பொருள். பாட்டரி ரம்பம் ஓசையற்றிருந்தால் அவ்வாறு கொள்ளலாகாது. சூடு தணிந்தவுடன் அது மீண்டும் ஓடத் தயாராகிவிடும். கை தவறி விசையில் பட்டால் சங்கிலி அக்கணமே சுழலும். பாட்டரியைக் கழற்றாமல் சங்கிலியிலோ, தகட்டிலோ, பற்சக்கரத்திலோ கை வைப்பவர் விரலை இழக்க நேரிடும்.

விளக்குகளின் பாஷை

எல்லாக் கம்பெனியாரும் ஒரே குறியை வழங்குவதில்லை. ஸ்டில் கம்பெனியாரின் பாட்டரிகள் பலவற்றில் நான்கு சிறு விளக்குகள் உண்டு. பச்சை விளக்கு ஒன்று மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் மின்சாரம் தீர்ந்துபோகிறதென்று பொருள். சிவப்பு ஒன்று நிலையாய் எரிந்தால் பாட்டரி மிகச் சூடாகவோ மிகக் குளிர்ந்தோ இருக்கிறது. சிவப்பு மூன்று நிலையாய் எரிந்தால் ரம்பம் சூடேறியிருக்கிறது. அவை மூன்றும் விட்டுவிட்டு எரிந்தால் ரம்பத்தில் கோளாறு. நான்கும் சிவப்பாய் விட்டுவிட்டு எரிந்தால் பாட்டரியிலேயே கோளாறு.

ஹஸ்க்வர்னா கம்பெனியாரின் சில சிறு ரம்பங்களிலோ வேறு முறை. எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், சங்கிலித் தடை போடப்பட்டிருக்கலாம், சூடு வரம்பு கடந்திருக்கலாம், அல்லது சங்கிலி மரத்தில் சிக்கியிருக்கலாம். இவை உடையவரே நீக்கத்தக்கவை. அவ்விளக்கு சிவப்பாய் நிலைத்து எரிந்தால் பழுது பார்ப்பவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். ஒருவர் ரம்பத்தில் ‘ஆறட்டும்’ என்று பொருள்படும் நிலையான சிவப்பு, மற்றொருவர் ரம்பத்தில் ‘பழுது’ என்று பொருள்படும். அடுத்த தோப்புக்காரர் சொல்லைக் கேட்டுத் தம் ரம்பத்தின் விளக்குக்குப் பொருள் கொள்ளலாகாது. ரம்பத்துடன் வந்த கைப்புத்தகத்தில் விளக்குகளைப் பற்றிய பக்கத்தைத் தமிழில் எழுதி, ரம்பம் வைக்கும் பெட்டியின் மூடியில் ஒட்டிவைப்பது நலம். வேலையாளுக்கும் அது உதவும்.

வரிசையாய்ச் சோதிக்கும் முறை

கைப்புத்தகம் அருகில் இல்லாதபோது பின்வரும் வரிசையில் பார்த்துவரலாம்.

1. மின்சாரம் உண்டா? பாட்டரியின் பொத்தானை அழுத்தினால் எஞ்சியுள்ள அளவை விளக்குகள் காட்டும். ஒன்றும் எரியாவிட்டால் சார்ஜரில் வைக்கவேண்டும். சில நிமிஷம் வேலையின்றி வைத்திருந்தால் தானே அணைந்துவிடும் ரம்பங்களும் உண்டு. அவற்றுக்கு முதற் பொத்தானை மறுபடியும் அழுத்தினாலே போதும்.

2. பாட்டரி சரியாய்ப் பொருந்தியிருக்கிறதா? ‘டக்’கென்ற ஓசை கேட்கும்வரை அழுத்தவேண்டும். அறுத்த தூளும் எண்ணெயும் இணைப்புத் தகடுகளில் படிந்தால் மின்சாரம் பாயாது. பாட்டரியைக் கழற்றி, உலர்ந்த துணியாலோ மெல்லிய தூரிகையாலோ துடைக்கலாம். தண்ணீர் கூடாது, ஆணி, கத்தி முதலிய உலோகங்களால் சுரண்டுவது பேராபத்து.

3. சங்கிலித் தடை விடுபட்டிருக்கிறதா? முன்கைப் பிடிக்கு முன்னுள்ள கைக்காப்பு முன்னே தள்ளப்பட்டிருந்தால் சங்கிலி ஓடாது. ரம்பம் துள்ளி எழும்போது கையைக் காப்பது இதுவே. கிளையில் இடித்துத் தானே முன்னே நகர்ந்திருக்கலாம். பிடியை நோக்கிப் பின்னே இழுத்தால் விடுபடும். பழுதென்று கருதப்படும் ரம்பங்களில் இவ்வளவே குறையுள்ளவையும் உண்டு.

4. சூடேறியிருக்கிறதா? சித்திரை, வைகாசி வெயிலில் திறந்த வெளியிலோ தகரக் கொட்டகையிலோ வைக்கப்பட்ட பாட்டரி, வேலை தொடங்குமுன்னரே வரம்பை எட்டிவிடும். நிழலில் வைத்து ஆறவிட வேண்டும். ஈரச்சாக்கில் சுற்றுவதும் தண்ணீர் தெளிப்பதும் ஆகா. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் நீலகிரிப் பகுதியில் இதற்கு மாறான குறை நேரும். அங்கே பாட்டரியை இரவில் வீட்டினுள் வைத்துக் காலையில் பொருத்தவேண்டும்.

5. சங்கிலி சிக்கியிருக்கிறதா? இரு முனைகளிலும் தாங்கப்பட்டுக் கிடக்கும் மரத்தை மேலிருந்தே முழுதும் அறுத்தால், மேற்பக்கம் நெருங்கித் தகட்டைக் கவ்விக்கொள்ளும். ரம்பம் மீறிய பளுவென்று நின்றுவிடும். பாட்டரியைக் கழற்றி, ஆப்பு அடித்து வெட்டை அகலமாக்கி ரம்பத்தை எடுக்கவேண்டும். அத்தகைய மரத்தை மேலே மூன்றிலொரு பங்கு அறுத்து, எஞ்சியதைக் கீழிருந்து அறுப்பதே முறை.

6. சங்கிலி எந்நிலையில் இருக்கிறது? ரம்பம் அடிக்கடி சூடேறி நின்றால், பாட்டரியைக் குறை சொல்லுமுன் சங்கிலியைப் பார்க்கவேண்டும். கூர்மையான சங்கிலி சிறு சீவல்களை உதிர்க்கும். மழுங்கியது மாவு போன்ற தூளை உதிர்க்கும். மழுங்கிய சங்கிலியைக் கை பலத்தால் அழுத்த, மோட்டார் திணறிச் சூடேறுகிறது. தென்னையின் புறப்பகுதி கடினமானதாகையால் பற்கள் விரைவில் மழுங்கும். அதன் நார் பற்சக்கர மூடிக்குள் சுற்றிக்கொள்ளும். மூடியைத் திறந்து அவ்வப்போது நாரை நீக்கவேண்டும். புதிதாய்ச் சங்கிலி மாற்றியபின் மோட்டார் ஓடியும் மரம் அறுபடாவிட்டால், பற்கள் திசை மாறிப் பொருத்தப்பட்டனவா என்று பார்க்கவேண்டும்.

7. எண்ணெய் ஓடுகிறதா? பெட்ரோல் வேண்டாத ரம்பத்துக்கு எண்ணெயும் வேண்டாவென்று எண்ணிவிடுவோர் உண்டு. சங்கிலிக்கு எண்ணெய் இன்றியமையாதது. வெளிறிய மரத்துண்டுக்கு எதிரே, அதில் படாமல் தகட்டின் முனையைப் பிடித்துச் சிறிது ஓட்டினால், எண்ணெய்க் கோடு தெறிக்கவேண்டும். தெறிக்காவிட்டால் எண்ணெய்த் தொட்டியையும், தகட்டின் துவாரத்தையும் காடியையும் பார்த்துச் சுத்தம் செய்யவேண்டும். சங்கிலி அதிக இறுக்கமாயிருந்தாலும் மோட்டாருக்குப் பளு மிகும். கையால் இழுத்தால் ஓடவேண்டும். தகட்டின் அடியில் தொங்கவும் கூடாது. வேலையின் நடுவில் சூட்டால் நெகிழ்ந்த சங்கிலியை இறுக்கினால், வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். இல்லையேல் ஆறியபின் சுருங்கித் தகட்டையும் தண்டையும் கெடுக்கும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் ஓடாவிட்டால், அதே கம்பெனியின் அதே வகையைச் சேர்ந்த வேறொரு பாட்டரியைப் பொருத்திப் பார்க்கவேண்டும். அதனால் ஓடினால் குறை பாட்டரியில். ஓடாவிட்டால் குறை ரம்பத்தில். இவ்வொரு சோதனை பழுதுபார்ப்பவரிடம் ஆகும் செலவைப் பெரிதும் குறைக்கும்.

சார்ஜரில் காணும் குறைகள்

சார்ஜரில் விளக்கே எரியாவிட்டால், அதே இணைப்பில் வேறொரு மின்விளக்கைப் பொருத்தி மின்சாரம் வருகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். வேலை முடித்துச் சூட்டோடு வைத்த பாட்டரிக்குச் சார்ஜர் மின்னேற்றாமல் காத்திருக்கும், இது பழுதன்று. ஆறியபின் தானே தொடங்கும். ஏறக்குறைய 0 பாகைக்கும் 40 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்திலேயே மின்னேற்றுதல் தகும். வேறு கம்பெனியின் சார்ஜரை வோல்ட்டு ஒன்றாயிருக்கிறதென்பதற்காக உபயோகிக்கலாகாது.

அஞ்சத்தக்க பாட்டரி

சில குறிகளைக் கண்டால் சோதனையை நிறுத்திவிட வேண்டும். பாட்டரி உப்பியிருத்தல், ஓடு வெடித்திருத்தல், நீர் கசிதல், வேலையின்றியே சூடேறுதல், வாசனை வீசுதல் ஆகியவை அக்குறிகள். அத்தகைய பாட்டரியை மீண்டும் சார்ஜரில் வைக்கக்கூடாது. திறந்து பார்க்கவும் கூடாது. வைக்கோற் போர், கூரை வீடு, மாட்டுக் கொட்டில் இவற்றுக்கு எட்டத்தில், திறந்த வெளியில், மண் தரையில் தனியே வைக்கவேண்டும். உள்ளே பற்றும் தீ அணைந்தாற்போலத் தோன்றி மறுபடியும் எழக்கூடியது. ரம்பத்துக்கு விலை உண்டு. மாட்டுக்கும் மனிதருக்கும் ஈடு இல்லை. உயிரற்ற பாட்டரியைக் குப்பையிலோ கிணற்றிலோ எறியலாகாது. 2022-ம் வருஷத்து இந்தியப் பாட்டரிக் கழிவு விதிகளின்படி, அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தி செய்வோரைச் சேர்ந்தது. விற்ற கடையில் கொடுத்துவிடலாம்.

புயற்காலத்துக்கு முன்னேற்பாடு

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னைகள் ஏராளமாய்ச் சாய்ந்தன. பல ஊர்களில் பாதைகள் அடைபட்டன. மின்சாரமும் பல நாள் இல்லை. அத்தகைய வேளையில்தான் ரம்பம் மிகவும் வேண்டியதாகிறது. ஆனால் மாதக்கணக்கில் பரணில் கிடந்த பாட்டரி, தானே சிறிது சிறிதாய் இறங்கி, அன்று சிவப்பு விளக்கையே காட்டும்.

ஆகையால், நெடுநாள் உபயோகமின்றி வைக்கும்போது ஏறக்குறைய பாதியளவு மின்சாரத்துடன், ரம்பத்தினின்று கழற்றி, உலர்ந்த குளிர்ச்சியான இடத்தில் வைக்கவேண்டும். முழுதும் காலியாய் வைத்தால் கலம் கெடும். முழுதும் நிரப்பி மாதக்கணக்கில் வைத்தாலும் ஆயுள் குறையும். மாதம் ஒருமுறை அளவைப் பார்த்து வரவேண்டும். ஐப்பசியில் சங்கிலியைத் தீட்டி, எண்ணெய் நிரப்பி, ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே, மின்சாரம் இருக்கும்போதே, எல்லாப் பாட்டரிகளையும் முழுதும் நிரப்பிக்கொள்ள வேண்டும். சாய்ந்த மரத்தின்மீது மின்கம்பி கிடந்தால், மின்சார வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை ரம்பத்துடன் அதனருகே செல்லலாகாது.

மோட்டாரையும் மின்பலகையையும் பாட்டரி உறையையும் திறப்பது அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்பவருக்கே உரியது. உடையவர் திறந்தால் உத்தரவாதமும் போய்விடக்கூடும். மற்றபடி துடைத்தல், தீட்டுதல், எண்ணெயிடுதல், ஆறவிடுதல் ஆகிய நான்கும் எந்தக் குடியானவராலும் ஆகக்கூடியவை. விளக்கு எரிந்தவுடன் கோபமோ அச்சமோ கொள்ளாமல், பாட்டரியைக் கழற்றிவிட்டு, மேற்கூறிய வரிசையில் பார்த்துவருவோர், தம் ரம்பத்தைப் பல வருஷம் உபயோகிப்பதுடன் தம் விரல்கள் பத்தையும் பத்திரமாய்க் காத்துக்கொள்வார்கள்.