நடுக்கடலில் நெஞ்சு வலித்தால்...

கடல் இல்லாத வடகரப்பதியிலிருந்து ஒரு பிள்ளை கப்பல் வேலைக்குப் போனால், வீட்டாருக்கு முதல் கவலை அவன் உடம்புதான். “காப்டனிடம் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்” என்று பயந்து, நெஞ்சுவலியை வாயுப் பிடிப்பு என்று மறைப்பவர்கள் உண்டு. இது ஆபத்து.

சரக்குக் கப்பல்களில் பெரும்பாலும் டாக்டர் இருப்பதில்லை. மருத்துவப் பயிற்சி பெற்ற அதிகாரியும் மருந்துப் பெட்டியுமே உண்டு. ஆனால் கரையிலுள்ள டாக்டரிடம் ரேடியோ, சாட்டிலைட் மூலம் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். ரோம் நகரில் 1935-ல் தொடங்கிய நிலையம் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் இச்சேவை செய்கிறது. வலி எப்போது தொடங்கியது, கைக்குப் பரவுகிறதா, வியர்க்கிறதா, மூச்சு முட்டுகிறதா, முன்பு சாப்பிட்ட மருந்து என்ன என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

செலவு? 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தை இந்தியா 2015-ல் ஏற்றது. அதன்படி, பணியில் நோயுற்றவரின் சிகிச்சைச் செலவும், நோயால் ஊர் திரும்பும் செலவும் கப்பல் உரிமையாளரின் பொறுப்பு. ஆனால் வேலையில் சேரும்போதே நோயை வேண்டுமென்று மறைத்தவர் இவ்வுரிமையை இழக்க நேரிடும்.

ஆகவே, பெற்றோர்களே, அடுத்த முறை மகன் போனில் பேசும்போது சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். “உடம்புக்கு ஏதாவது என்றால் உடனே காப்டனிடம் சொல்லப்பா” என்றும் சொல்லுங்கள்.