மாடி ஏறிய புகை

1950 செப்டம்பர் 26, செவ்வாய்க்கிழமை. ஸ்காட்லாந்தில் அன்று பிற்பகல் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு ஒரு நீலச் சூரியன் தெரிந்தது. வெளிறிய நீலம் அல்ல, அவுரிச் சாயத்தில் முக்கியெடுத்தது போன்ற நீலம். இரவில் நிலவும் அப்படியே வந்தது. எடின்பரோ வானாய்வகத்தில் இருந்த ராபர்ட் வில்சன் சமயோசிதமாகத் தொலைநோக்கியைத் திருப்பி அந்தச் சூரியனின் நிறமாலையைப் பதிவு செய்துகொண்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, கனடாவின் ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்து விளக்கேற்ற வேண்டியதாயிற்று.

எல்லாவற்றுக்கும் மூலம் மேற்குக் கனடாவின் சின்சாகா காட்டுத்தீ. ஜூன் மாதம் பிடித்தது, அக்டோபர் வரை எரிந்தது. அணைக்க யாரும் போகவில்லை. பக்கத்தில் ஊரில்லை, சாலையில்லை; ஆளரவமற்ற இடத்துத் தீயோடு மல்லுக்கு நிற்பதில்லை என்பதுதான் அன்றைய நடைமுறை. அந்தப் புகை அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனது. துகள்கள் ஏறத்தாழ ஒரே அளவில், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனில் இருந்ததால், வழக்கத்துக்கு மாறாகச் சிவப்பொளியைச் சிதறடித்து நீலத்தை விட்டுவிட்டன.

நிறம் மாறிய சூரியன் சென்னைக்கும் புதிதல்ல. 1883 ஆகஸ்டில் கிரகட்டோவா எரிமலை வெடித்த சில நாட்களில், இங்கே சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அதை ஆராய்ந்து எழுதிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் மிக்கி ஸ்மித்தான் பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை அமைத்தவர். ஆனால் அது எரிமலையின் வேலை. தூசியை வெகு உயரத்துக்கு எறியும் தெம்பு எரிமலைக்கு உண்டு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். காட்டுத்தீயை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சேர்க்காததற்குக் காரணமும் இருந்தது. நாம் மூச்சு விடும் காற்று மேலே போகப் போகக் குளிரும். ஓர் உயரத்துக்கு மேல் அது நின்று, மறுபடி சூடேறத் தொடங்கும். அந்தச் சூடான அடுக்குதான் ஸ்ட்ராட்டோஸ்பியர். கீழிருந்து எழும் காற்று அதில் முட்டி, தட்டையாகப் பரந்துவிடும். பானைக்கு மூடி போட்ட மாதிரி. மூடிக்குக் கீழே இருக்கும் புகையைச் சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில், மழை கழுவிவிடும். மூடிக்கு மேலே மழையே கிடையாது. போனது மாதக்கணக்கில் தங்கும்.

1990களின் இறுதியில் செயற்கைக்கோள் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்க வளிமண்டல ஆய்வாளர் மைக்கேல் ஃப்ராம், மூடிக்கு மேலே புகை இருப்பதைக் கண்டார். எரிமலை எதுவும் வெடிக்கவில்லை. கனடாவிலும் ரஷ்யாவிலும் காடுகள் எரிந்துகொண்டிருந்தன. பழைய ஏடுகளையும் புரட்டினார்கள். 1991 ஜூனில் பினாடுபோ எரிமலையின் கணக்கில் எழுதப்பட்டிருந்த ஒரு படலம், உண்மையில் கியூபெக்கில் எரிந்த காட்டின் புகை என்று தெரிந்தது. தப்பான ஆள்மீது போட்ட வழக்கு!

மூடியை உடைப்பது இடிமேகம். தீ பெரிதானால் தன் சூட்டிலேயே தனக்கென ஒரு மேகத்தைக் கட்டிக்கொள்கிறது. புகைத்துகள்கள் எண்ணிலடங்காமல் இருப்பதால் நீராவி அவ்வளவுக்கும் பங்கிடப்பட்டு, துளிகள் பொடிப் பொடியாகவே நின்றுவிடுகின்றன, மழையாகத் திரள்வதில்லை. கழுவ வேண்டிய மழை பெய்யாததால் புகை அப்படியே மேலே போகிறது. போதாக்குறைக்கு அதே மேகம் மின்னல் வெட்டி, பக்கத்துக் காட்டிலும் தீ மூட்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தீக்கு இந்தப் பலம் கிடையாது. புல்லும் சருகுமாகத் தரையோடு எரிவது அது. தவிர, வெப்பமண்டலத்தில் மூடி 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கனடாப் பக்கம் அது 10, 11தான்.

2019 டிசம்பர் கடைசியிலும் புத்தாண்டின் முதல் வாரத்திலும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் இத்தகைய மேகங்கள் வரிசையாக எழுந்தன. ஏறத்தாழ 10 லட்சம் டன் புகை மூடியைத் தாண்டியது. எரிமலையின் கந்தகத் துளி வெயிலைத் திருப்பி அனுப்பும். கரி வெயிலை விழுங்கும். அதனால் அந்தப் புகை சூடேறி, தான் இருந்த காற்றையும் தூக்கிக்கொண்டு பலூன் போல மேலே மேலே ஏறியது. அதில் ஒரு பகுதி 1,000 கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழலாகத் திரண்டு, மூன்று மாதம் தென்கோளத்தைச் சுற்றி, 35 கிலோமீட்டர் உயரம் தொட்டது. அந்த அடுக்கு அவ்வளவு சூடேறியது பினாடுபோவுக்குப் பிறகு அப்போதுதான். கீழே தரைக்கு வெயில் சற்றுக் குறைந்தது. அதைக் குளிர்ச்சி என்று கொண்டாட முடியாது; எரிந்த காடு விட்ட கரியமில வாயு இந்த நிழலைவிட வெகுகாலம் இருக்கும்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தீயில் மட்டும் இல்லை என்பேன். 1950இல் மேலடுக்கில் குளிர்பதனப் பெட்டி வாயுக்கள் சொற்பம். பிறகு குளோரோஃபுளோரோகார்பன்கள் (சிஎஃப்சி) எனும் அந்த வாயுக்களை ஆண்டாண்டாக மேலே அனுப்பினோம். அவற்றின் குளோரின் பெரும்பாலும் ஹைட்ரஜன் குளோரைடாக, வம்புதும்பு இல்லாமல் கிடக்கிறது. அதை அவிழ்த்துவிட அண்டார்க்டிகாவின் கடுங்குளிரும் பனிமேகமும் வேண்டும் என்றுதான் நினைத்திருந்தோம். 2023இல் வளிமண்டல வேதியியலாளர் சூசன் சாலமனின் குழு வேறு கதை சொன்னது. புகைத்துகளின் கரிமப் பிசுக்கில் ஹைட்ரஜன் குளோரைடு அவ்வளவு குளிர் இல்லாத இடத்திலேயே கரைந்து, குளோரின் விடுபட்டு ஓசோனைத் தின்கிறது. 2020இல் தென்கோளத்தின் நடு அகலாங்குகளில் ஓசோன் 3 முதல் 5 சதவீதம் குறைந்தது. அங்கேதான் ஊர்களும் மனிதர்களும் இருக்கிறார்கள்.

1987 மான்ட்ரியால் ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த வாயுக்களின் உற்பத்தி பெரும்பாலும் நின்றுவிட்டது உண்மை. ஆனால் பழைய பெட்டிகளில் இருந்த சிஎஃப்சி-12இன் ஆயுள் சுமார் 100 ஆண்டு. 1970களில் யார் வீட்டுச் சமையலறையிலோ கசிந்ததில் பெரும்பகுதி இன்னும் மேலேதான் இருக்கிறது. எந்தக் கோடையில் எந்தக் காடு பற்றினாலும், மூடியைத் தாண்டும் புகை போய் அதன் குளோரினைத்தான் தொடும்.