சாயநீரைத் தெளிய வைக்கும் ரப்பர் கொட்டைக் கரி

பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ வாங்கிய புதுச்சேலையை முதன்முறை நனைக்கும்போது வாளி நீர் சிவந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு சேலைக்கே இவ்வாறெனின், நாள்தோறும் துணிகளைச் சாயத்தில் தோய்க்கும் ஆலையின் கழிவுநீர் எத்தகையதாக இருக்கும்? அந்நிறம் ஆற்றில் கலந்தால் கதிரவன் ஒளி நீருக்குள் இறங்குவது குறைகிறது, நீர்த்தாவரங்கள் நலிகின்றன. சிலவகைச் சாயங்கள் சிதையும்போது புற்றுநோய் உண்டாக்கவல்ல பொருள்களும் தோன்றுகின்றன.

இதன் விளைவைத் தமிழகத்துத் திருப்பூர் கண்டது. பாசனத்திற்காக நொய்யல் ஆற்றில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதால், அந்நீரே தங்கள் நிலத்திற்கு வேண்டாம் என்று உழவர்கள் மறுக்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

நம் நாட்டில் கிளந்தான், திரங்கானு பாத்தேக் பட்டறைகளிலும் சாயநீர் வெளியாகிறது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2009இல் வந்த தொழிற்கழிவு விதிகள், கழிவுநீரின் நிறத்திற்கும் வரம்பு விதித்துள்ளன. குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேற்புறத்தில் 100 அலகு. மற்ற இடங்களில் 200. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதியை சிலாங்கூர் ஆறும் லங்காட் ஆறும் தருவதை எண்ணினால், இந்த வேறுபாட்டின் காரணம் விளங்கும்.

பாலில் அமிலம் விட்டால் ரப்பர் திரண்டு தனியே பிரிந்துவிடும். நீரில் நன்கு கரைந்த சாயமோ அவ்வளவு எளிதில் திரள்வதில்லை. ஆகவே அதைப் பிடித்துவைக்க ஒரு பரப்பு வேண்டும். மங்கின் உட்புறத்தில் பால் ஒட்டிக் காய்வதுபோல, சாயத்துகள்கள் கரியின் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதனைப் பரப்புக் கவர்ச்சி என்பர். தக்கவாறு பக்குவப்படுத்திய கரி முழுவதும் நுண்துளைகளே. நல்ல கரியில் ஏழு கிராமுக்குள் ஒரு காற்பந்துத் திடலளவு பரப்பு அடங்கியிருக்கும்!

இக்கரியைச் சிரட்டையிலிருந்தும் எண்ணெய்ப்பனைக் கொட்டை ஓட்டிலிருந்தும் செய்கின்றனர். நம் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் ரப்பர் கொட்டையின் ஓடும் இதற்கு உதவும் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவ்வோட்டுக் கரியைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிராம் கரி ஏறத்தாழ 227 மில்லிகிராம் மெத்திலீன் நீலச் சாயத்தைப் பிடித்துக்கொண்டது. இது ஒரே சாயம் கலந்த ஆய்வுக்கூட நீரில் கண்ட அளவு. உப்பும் பல சாயங்களும் கலந்த ஆலைநீரில் இதையே எதிர்பார்க்கலாகாது.

பொடி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு விரைவாகச் சாயத்தைப் பிடிக்கும். ஆனால் அப்பொடியையே பிறகு நீரிலிருந்து வடிகட்டுவது பெரும்பாடு. இதற்குத்தான் நானோ கலவைப் பொருள்கள் வந்தன. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவிலான இரும்பு ஆக்சைடுத் துகள்களைக் கரியுடனோ, இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசானுடனோ பிணைக்கின்றனர். சாயத்தைப் பிடித்த பொடியை ஒரு காந்தத்தால் இழுத்துச் சேர்த்துவிடலாம். இவற்றுள் பெரும்பாலானவை இன்னமும் ஆய்வுக்கூட அளவிலேயே உள்ளன.

கரி நிறத்தைப் பிடிக்கும். கரைந்த உப்பைப் பிடிக்காது. திருப்பூரில் உப்பும் பெரும் இடராக இருந்ததால், அங்கு மென்சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் முறையும் தேவைப்பட்டது. மேலும் கரியில் ஒட்டிய சாயம் மறைந்துபோவதில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. சூடேற்றியோ வேதிநீரால் கழுவியோ கரியை மீண்டும் பயன்படுத்தலாம். எனினும் ஒவ்வொரு முறையும் அதன் ஆற்றல் குறையும். முற்றும் ஓய்ந்த கரியைக் குப்பைமேட்டில் கொட்ட இயலாது. ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரித்த கரி, 2005ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவாகும்; அதனை 180 நாள்களுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ ஆலையில் தேக்கி வைத்தல் கூடாது.